அந்தப் பக்கம் விழுந்த ஷெல்கள்

காற்றை யாரோ நீளமாகக் கிழிக்கிறார்கள். அப்படித்தான் கேட்கிறது. பிறகு மண் குலுங்குகிறது. கூரைப் பலகைகளின் இடுக்கிலிருந்து புழுதி கொட்டுகிறது. மாடு கயிற்றை இழுத்துக் கத்துகிறது. தங்கை சகீனா என் மடியில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். அவளுடைய மூச்சு என் தொடையில் சுடுகிறது.

"வாயைத் திறந்து வச்சிரு! காதைப் பொத்து!" அப்பா கத்துகிறார்.

இன்னொன்று. இது கிட்ட.

1999. மே மாதக் கடைசி. திராஸ் பள்ளத்தாக்கு. காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் வயல்களுக்குக் கீழே போகிறது. மேலே மலைமுகட்டில் பீரங்கிகளுக்குக் குறி சொல்லிக்கொண்டு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாலை தெரிகிறது. லாரி தெரிகிறது. எங்கள் கூரையில் காயப்போட்ட துணி தெரிகிறது.

நாங்கள் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறோம். எங்கள் வீடுகளில் கீழே மாடு, மேலே மனிதர். குளிர்காலத்தில் மாட்டின் சூடு மேலே ஏறி வரும். அதற்காகக் கட்டிய சுவர்கள். தடித்த கற்சுவர்கள். இப்போது அந்தச் சுவர்களுக்கு வேறு வேலை.

அப்பா, அம்மா, அண்ணன் ஹசன், நான், சகீனா. ஹசனுக்குப் பத்தொன்பது. எனக்குப் பதினாறு. சகீனாவுக்கு எட்டு.

நாங்கள் பனிக்காகக் காத்திருக்கிறோம். பனி கொட்டினால் முகட்டில் இருப்பவர்களுக்குச் சாலை தெரியாது. மே மாதக் கடைசியில் பனி வருவது எங்கள் ஊரில் அதிசயமில்லை. ஆனால் கேட்கும்போது வருவதில்லை. அம்மா கொட்டில் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். பார்லி முளைத்திருக்கிறது. பனி வந்தால் பயிர் கருகும். அவள் பனி வரட்டும் என்று வேண்டுகிறாள்.

நான் ஜைனப். இப்போது லண்டனில் தாதியாக வேலை பார்க்கிறேன். நகரின் தெற்கே மிச்சம் என்ற பகுதியில் வீடு. இதை நான் சொல்கிறேன், என் கணவர் சிவா எழுதுகிறார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வன்னிக்கு இடம்பெயர்ந்தவர். என் தமிழ் திருச்சியில், தாதியர் கல்லூரி விடுதியில் படித்த தமிழ். மிச்சத்துக்கு வந்தபின் அது வேறாகிவிட்டது. என் தாய்மொழி ஷீனா. எங்கள் வீட்டில் அதை யாரும் எழுதியதில்லை. ஷீனாவில் பேசியதை எல்லாம் சிவா தன் ஊர்ப் பேச்சில் போட்டிருக்கிறார். வசனத்தை அவர் திருத்தலாம் என்றேன். நடந்ததைத் திருத்த விடவில்லை.

ஷீனா பேசுகிறவர்கள் என்றால் யார் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியர்கள் கேட்கிறார்கள். பாகிஸ்தானியர்களும் கேட்கிறார்கள். எங்கள் முன்னோர் கில்கித்திலிருந்து வந்தவர்கள். தியோசாய் மேட்டுநிலத்தைக் கடந்து, பார்லி விதையும் மாடும் கொண்டு, பள்ளத்தாக்குக்கு ஒரு குடும்பமாக வந்தார்கள் என்று அப்பா சொல்வார். சிலர் அஸ்தோரில் நின்றார்கள். சிலர் குரேஸில். சிலர் குல்தாரியில். கடைசியில் வந்தவர்கள் திராஸில். இன்னும் ஒரு பிரிவு சிந்து நதிவரை போனது. அவர்கள் தலையில் பூச்சூடுகிறவர்கள். அவர்களுடைய பேச்சு எங்களுக்குப் பாதி புரியும். வேறு எங்கே போனாலும் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் ஒரே சொல். வேய். டிகி.

பிறகு கோடு வந்தது. நாற்பத்தெட்டில் இந்தியா பாகிஸ்தான் சண்டை நின்ற இடத்தில் கோடு நின்றது. குல்தாரி அந்தப் பக்கம். திராஸ் இந்தப் பக்கம். நடுவில் ஒரு மலைத்தொடர்.

அப்பாவின் அக்கா பாத்திமா கோடு வருவதற்கு முன்பே குல்தாரிக்குக் கலியாணம் கட்டிப் போயிருந்தாள். அப்பா அப்போது நடை பழகும் குழந்தை. அவள் இடுப்பில் வளர்ந்தவர். அதற்குப் பிறகு அக்காவை அவர் பார்க்கவில்லை. குல்தாரியிலிருந்து சிங்கோ ஆறு எல்லைக் கோட்டைத் தாண்டி இறங்கி, கீழே எங்கள் திராஸ் ஆற்றோடு சேர்கிறது. கார்கிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் அப்பா பேருந்து ஜன்னலைத் திறப்பார். குளிர் அடிக்கும். யாரும் திட்ட மாட்டார்கள். பேருந்தில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் யாரோ இருந்தார்கள்.

பனி வந்தது.

மத்தியானம். முதலில் தூறல் மாதிரி. பிறகு எதிர்வீடு மறைந்தது. அப்பா, "எழும்புங்கோ!" என்றார். அம்மா மாட்டையும் ஆடுகளையும் அவிழ்த்துவிட்டாள். வீட்டுக் கதவைப் பூட்டவில்லை. பூட்டினால் ஷெல் விழுந்து கதவு உடையும், திறந்திருந்தால் உடையாது என்றாள். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

ஹசன் எங்களோடு வரவில்லை. மேலே ஏறுகிற ராணுவத்துக்குப் பாதை தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். தண்ணீரும் குண்டும் சுமக்க முதுகுகள் வேண்டியிருந்தன. ஊர் இளைஞர்கள் போனார்கள். ஹசன் இரண்டு முறை போய்த் திரும்பியிருந்தான். "பனி விட்டதும் தண்ணி கொண்டு ஏறவேணும். முடிச்சுப்போட்டு வாறன்," என்றான். சகீனாவின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

சாலையில் இறங்கினோம். மேற்கே நடந்தோம். சோஜி கணவாய் அந்தத் திசையில். சாலை முழுக்க ஆட்கள். பனியில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஒருவரும் பேசவில்லை. பேசினால் முகட்டுக்குக் கேட்கும் என்பது போல.

மேற்கே போகிற வெற்று லாரி ஒன்று வேகம் குறைத்தது. ஓட்டுநர் இந்தியில் கத்தினார். "ஏறுங்க! நிறுத்த முடியாது! ஓடிக்கிட்டே ஏறுங்க!"

அப்பா சகீனாவைத் தூக்கி உள்ளே போட்டார். நான் ஏறினேன். அம்மாவை யாரோ இழுத்தார்கள். அப்பா கடைசியாகத் தொற்றினார்.

பனி விட்டது.

யாரோ துணியை உருவினது போல விட்டது. வெயில். மலைகள் வெள்ளையாகப் பளபளத்தன. நாங்கள் கறுப்புச் சாலையில் ஒரே லாரி.

"படு! படு! தலையைத் தூக்காதே!"

முதல் ஷெல் ஆற்றில் விழுந்தது. தண்ணீர் தூண் மாதிரி எழுந்தது. இரண்டாவது பின்னால், சாலையில். கல் மழை. லாரியின் பக்கப் பலகையில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். சுத்தியலால் ஆணியை ஒருமுறை தட்டினது போல. லாரி நிற்கவில்லை.

வளைவு தாண்டினோம். மலை எங்களை மறைத்தது. ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் சிரித்தாள். பயத்தில் வருகிற சிரிப்பு. சகீனா என்மேல் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தூங்கட்டும் என்று அம்மா தன் போர்வையை அவள்மேல் போட்டாள்.

மீனாமார்க்கில் இறங்கினோம். கணவாய்க்கு இந்தப் பக்கத்துக் கடைசி இடம். அப்பா அவளைத் தூக்கினார். அவளுடைய கம்பளி அங்கி முதுகுப்பக்கம் கனத்திருந்தது. தடித்த கம்பளி. எங்கள் அம்மா நெய்தது. ரத்தத்தை வெளியே விடவில்லை. பலகையில் இருந்த ஓட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான்.

எப்போது உயிர் போனது என்று எங்களுக்குத் தெரியாது. என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். எனக்குத் தெரியாது.

மண் இறுகியிருந்தது. ராணுவத்தார் இரண்டு பேர் மண்வெட்டி கொண்டுவந்து அப்பாவோடு தோண்டினார்கள். அதில் ஒருவன் வேறு ஏதோ மொழியில் முணுமுணுத்துக்கொண்டு அழுதான். அது எந்த மொழி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹசன் வராமல் கணவாயைத் தாண்ட மாட்டேன் என்றார் அப்பா. அங்கேயே கூடாரத்தில் இருந்தோம். எங்களுக்கு முன்னால், பள்ளத்தாக்கில், எங்கள் பக்கத்துப் பீரங்கிகள் வந்து நின்றன. அவற்றின் சத்தம் வேறு. தொண்டையைச் செருமுவது போல ஒரு இடி. பிறகு நெஞ்சில் ஒரு தட்டு. பிறகு முகட்டுக்கு மேலே தேய்ந்து போகிற ஓசை. எதிரொலியாக மலைகள் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும்.

கூடாரங்களில் பெண்கள் தலையைத் தூக்கிக் கேட்பார்கள். "நம்முடையது," என்பார்கள். திரும்பவும் மாவு பிசைவார்கள்.

நம்முடையது. அந்த ஒரு சொல்லோடு சில நாள் தூங்கினோம். அது முகட்டைத் தாண்டி எங்கே இறங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் வெளியே போய் நின்றார். ஹசன் மேலே இருக்கிறானே, அதனால் என்று நினைத்தேன்.

ஹசன் வரவில்லை. அவனோடு ஏறியவர்களில் ஒருவன் வந்தான். தண்ணீர்க் கேன் சுமந்து கடைசிச் சரிவில் ஏறும்போது வெடித்தது என்றான். புகை. பிறகு ஹசன் நின்ற இடத்தில் ஹசன் இல்லை. சரிவு அந்தப் பக்கமாக இறங்குகிறது. கீழே எட்டிப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

சண்டை முடிந்தது. திரும்பிப் போனோம். வீட்டின் பின்சுவர் இல்லை. கதவு இருந்தது. வயலில் வெடிக்காத ஷெல்கள். ராணுவம் வந்து எடுத்தது. அடுத்த வருடமும் ஏரில் ஒன்று தட்டுப்பட்டது. ஹசனுக்காக அம்மா மரணத் தொழுகை வைக்கவில்லை. உடல் இல்லையே என்றாள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஒரு சேவை அமைப்பு எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளைத் தெற்கே படிக்க அனுப்பியது. நான் திருச்சிக்குப் போனேன். அந்த வெயிலில் முதல் மாதம் முழுக்க மூக்கில் ரத்தம் வந்தது. படித்தேன். பிறகு லண்டனுக்குத் தாதிகள் எடுத்தார்கள். வந்தேன். ஸ்ட்ரெதமில் ஓர் அறையில் இருந்தபோது கீழ்க்கடையில் சிவாவைப் பார்த்தேன். நான் தமிழில் மிளகாய்த்தூள் கேட்டதும் திகைத்து நின்றார். என் முகத்துக்கும் தமிழுக்கும் அவருக்குச் சம்பந்தம் தெரியவில்லை.

எங்களுக்கு ஒன்று பொதுவாக இருந்தது. ஒருநாள் வாணவேடிக்கை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

"எங்கட பக்கம் ஷெல் வெளிக்கிடேக்க முதல்ல 'குத்திற' சத்தம் கேக்கும்," என்றார் சிவா. "பிறகு எண்ணுவம். எண்ணி முடியிறதுக்குள்ள பங்கருக்க போயிடுவம்."

"எங்கட ஊரில எண்ண ஏலாது," என்றேன். "எந்த மலையில இருந்து வந்ததெண்டு மலைக்கே தெரியாது."

அவருடைய அண்ணனும் இல்லை. 2009-இல் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவர் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அவருடைய அம்மாவும் செத்த வீட்டுச் சடங்கு செய்யவில்லை.

அப்பா சில வருடம் கழித்து இறந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கிவிட்டார்கள்.

போன மாசி மாதம்.

பகல் ஷிப்ட். வேறு வார்டில் ஆள் போதாமல் என்னை அனுப்புகிறார்கள். நடைபாதையில் போகும்போதே கேட்கிறது. ஒரு கிழவரின் குரல். உடைந்த குரல். கத்துகிறது.

"மாட்டை அவிட்டு விடு! மேலை பாராதே! ஓடு!"

நான் நிற்கிறேன். என் கையில் மருந்துத் தட்டு.

ஷீனா. லண்டனில் இருபது வருடமாக நான் என் வாயிலிருந்தும் என் தொலைபேசியிலிருந்தும் மட்டும் கேட்ட மொழி.

வார்டுப் பொறுப்பாளர் சொன்னார்: பக்கவாதம். வந்து மூன்று நாள். முன்பு உருது பேசுவாராம், இப்போது அது போய்விட்டது. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இது உருது இல்லை என்று வைத்துவிட்டார். கையைப் பிடித்தால் அடிக்கிறார்.

ஜன்னல் ஓரக் கட்டில். வெள்ளைத் தாடி. வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடக்கையால் கட்டில் கம்பியைப் பிடித்து இறங்கப் பார்க்கிறார்.

நான் பக்கத்தில் போய் எங்கள் மொழியில் சொன்னேன். "மாடு அவிட்டாச்சு. எல்லாரும் போயிட்டினம். நீங்கள் படுங்கோ."

அவர் கை கம்பியை விட்டது. என் முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஒரு பக்கத்து வாயால் கேட்டார்:

"பிள்ளையளும் போயிட்டினமோ?"

"ஓம். போயிட்டினம்."

படுத்தார். அழுதார். நானும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அழுதேன். எனக்கு அன்றைக்கு வேறு நோயாளிகள் இருந்தார்கள். மருந்து பிந்தியது.

அவர் பெயர் குலாம். குல்தாரிக்காரர். எங்கள் முகட்டுக்கு அந்தப் பக்கம். சண்டையில் இடம்பெயர்ந்து ஸ்கர்துவுக்குப் போனவர். மனைவி இறந்தபின் மகள் பர்வீன் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். ஸ்ட்ரெதமில் இருந்தார்கள். பர்வீன் ஸ்கர்துவில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள். அவளிடம் ஷீனா கொஞ்சம்தான். "அப்பாவுக்குப் புத்தி பேதலித்து விசர் வந்துவிட்டது என்று நினைத்தேன்," என்றாள் ஆங்கிலத்தில். நான் அவர் சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். "விசர் இல்லை. அவர் ஊரில் நிற்கிறார்," என்றேன்.

அதன்பிறகு என் ஷிப்ட் முடிந்ததும் போவேன். சொற்கள் அவருக்கு உடைந்து வந்தன. சில நாள் தெளிவு. சில நாள் இல்லை. தெளிவான ஒரு நாள் கேட்டார்.

"ஆரின்ரை வீட்டுப் பிள்ளை நீ?"

சொன்னேன். எங்கள் ஊர். அப்பாவின் பெயர். தாத்தாவின் பெயர். எங்களிடம் அப்படித்தான் கேட்பார்கள். ஆளைக் கேட்பதற்கு முன் வீட்டைக் கேட்பார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அங்கை இருந்து கலியாணம் கட்டி வந்த ஒருத்தி இருந்தவ. பாத்திமா. எங்கட வீட்டுக்கு மேல் வீடு."

நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தேன்.

"தம்பி ஒருத்தன் இருக்கிறானெண்டு சொல்லுவா. இடுப்பை விட்டு இறங்க மாட்டானாம். அவன் இறங்கினானோ தெரியாதெண்டு சிரிப்பா."

அந்தத் தம்பி என் அப்பா. நரைத்த தாடியோடு இறந்துபோன என் அப்பா.

"மாமி இப்ப?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். அந்தக் கோடையில் ஷெல் அவர்களுடைய ஊரிலும் விழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து போன ஷெல்கள். அவர்களும் கொட்டிலில் இருந்தார்கள். அவர்களும் மாட்டை அவிழ்த்தார்கள். தங்கள் பக்கத்துப் பீரங்கி முழங்கும்போது அவர்களும் "நம்முடையது" என்று சொல்லிக்கொண்டு ரொட்டி சுட்டார்கள். ஸ்கர்து பாதையில் ஓடும்போது பாத்திமா மாமியால் நடக்க முடியவில்லை. குலாம் அவளை முதுகில் சுமந்தார். ஷெல் விழுந்தது. அவருக்குக் காயமில்லை. அவள் முதுகில் இருந்தாள்.

அவருடைய சட்டையை விலக்கி நான் போகும்போதெல்லாம் முதுகு துடைத்திருக்கிறேன். அதில் ஒரு தழும்பும் இல்லை. அதை அவரும் சொன்னார். "ஒண்டும் படேல்லை எனக்கு. ஒண்டும்."

மீனாமார்க் கூடாரத்தில் நாங்கள் கேட்ட சத்தங்களில் ஒன்று அது. அப்பா வெளியே போய் நின்று கேட்டது. ஹசனுக்காக மட்டும் அவர் நிற்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்குப் போகும் டிராமில் நான் ஸ்டாப்பைத் தவறவிட்டேன். சிவாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லப் போறியோ?" என்றார்.

"தெரியேல்லை."

"சொல்லு. தெரியாமல் இருக்கிறது சாவை விடப் பெரிசு. எனக்குத் தெரியும்."

அம்மா திராஸில் தனியாக இருக்கிறாள். சித்தப்பாவின் பேரன்மார் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாத்திமா மாமியைப் பற்றிச் சொன்னதும் அவள் அழவில்லை. "அந்த மனுசனோடை நான் கதைக்கவேணும்," என்றாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம். பார்வையாளர் நேரம். பர்வீன் தலையணையை உயர்த்தினாள். நான் போனை அவர் மார்பில் சாய்த்து வைத்தேன். திரையில் அம்மா. முக்காட்டைச் சரிசெய்தாள். பின்னால் எங்கள் ஜன்னல். வெளியே பனி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குல்தாரிக்கும் திராஸுக்கும் நடுவில் ஒரு மலைதான். நடந்தால் போய்ச் சேரலாம். அவர்கள் சந்தித்துக்கொண்டது லண்டனில், கட்டிலில் சாய்த்து வைத்த ஒரு போனில்.

"உங்கட பக்கம் பனி எப்படி?" என்று குலாம் கேட்டார்.

"இந்த முறை குறைவு," என்றாள் அம்மா. "மாடு வச்சிருக்கிறியளோ?"

"இல்லை. எல்லாம் போச்சு."

"எனக்கு ஒண்டு இருக்கு."

மாட்டைப் பற்றிப் பேசினார்கள். பார்லியைப் பற்றிப் பேசினார்கள். பர்வீன் என்னைப் பார்த்தாள். இதற்குத்தானா என்பது போல. நான் தலையாட்டினேன். எங்களிடம் துக்கம் கேட்பது இப்படித்தான் தொடங்கும்.

பிறகு அம்மா நன்றி சொன்னாள். பாத்திமாவைச் சுமந்ததற்கு. பிறகு, எங்களுக்கும் ஒரு பையன் மேலே போய் வரவில்லை என்றாள். சும்மா சொன்னாள். கேட்கவில்லை.

குலாம் களைத்துவிட்டார் என்று நினைத்து நான் போனை எடுக்கப் போனேன். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடுத்த வருசம் நாங்கள் கொஞ்சப் பேர் ஊருக்குத் திரும்பிப் போனம். கோடையில ஆடு மேய்க்க மேலை போனனான். பனி உருகின இடத்தில ஒரு பெடியன் கிடந்தான். ஆமிக்காரன் இல்லை. உடுப்பு எங்கட உடுப்பு. தோளில கயிறு. பக்கத்தில நசுங்கின தண்ணிக் கேன்."

அம்மா திரைக்குக் கிட்ட வந்தாள். அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

நான் கேட்டேன். ஹசனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். "பல்லைப் பாத்தீங்களோ? முன்பல்லு?"

"முகம் இல்லை, மகள்," என்றார். "பறவையள் முந்தியே வந்திட்டுது."

வார்டில் யாரோ தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கரண்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம். அதை நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஆரெண்டு தெரியாது. அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தெரியாது," என்றார். "எங்கட பெடியளும் கன பேர் சுமை தூக்கப் போனவை. பனித்தண்ணியில கழுவினன். என்ரை போர்வையில சுத்தினன். மண்ணுக்குள்ள தாட்டன். ஓதினன். பேர் தெரியேல்லை. ஒரு தாயின்ரை மகன் எண்டு சொல்லித்தான் ஓதினன்."

அம்மா நகரவில்லை. போன் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா," என்றேன். "ஹசன் எண்டு சொல்ல ஏலாது. வேறை ஆராயும் இருக்கலாம்."

"விளங்குது," என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "கழுவினவரோ?"

"கழுவினன்," என்றார் குலாம்.

"எங்கட பாஷையில கதைச்சனீங்களோ அவனோடை?"

அவர் யோசித்தார். "ஓம். குளிருதோ எண்டு கேட்டனான்."

அப்போதுதான் அம்மா அழுதாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவள் அடக்கி வைத்த அழுகை. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் ஓடிவருவது திரையில் தெரிந்தது. பர்வீனுக்குச் சொற்கள் புரியவில்லை. அவளும் அழுதாள். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரக் கிழவர் தன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஊரைக் கூட்டினாள். ஹசனுக்கு, உடல் இல்லாமலே, தொழுகை வைத்தார்கள். இமாம் கேட்டாராம், அது உன் மகன்தான் என்று உறுதியா என்று. அம்மா சொல்லியிருக்கிறாள்: "இல்லை. ஆனா அவன் ஆராயிருந்தாலும் அவனுக்கும் சேர்த்து ஓதுங்கோ."

குலாம் பங்குனியில் இறந்தார். இரண்டாவது பக்கவாதம். விடியற்காலை. நான் அப்போது ஷிப்டில் இல்லை. தென் லண்டனில் ஒரு மயானத்தில், மழைக்குள், அடக்கினார்கள். பர்வீன் என்னைக் கூப்பிட்டாள். சிவா என்னோடு வந்தார். ஆண்களோடு நின்று மண் போட்டார். அவருக்கு அந்தத் தொழுகை தெரியாது. மண் போடத் தெரியும். திரும்பி வரும்போது கார் ஓட்டாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் செய்தார். "அண்ணைக்கு ஏதாவது செய்வமோ?" என்று கேட்டார். அக்கா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி நெடுநேரம் "ஓம், ஓம்" என்றார்.

நான் இதை ஏன் சொல்கிறேன். அந்தச் சண்டையைப் பற்றி இரண்டு நாடுகளும் எழுதியிருக்கின்றன. முகடுகளின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறி இறந்த வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அவர்களுக்காக நானும் அழுகிறேன். முகட்டின் இரண்டு அடிவாரத்திலும் ஒரே மொழியில் பயந்தவர்கள் இருந்தார்கள். அது எங்கேயும் இல்லை.

ஆகவே கணக்கு.

வீட்டின் பின்சுவர். அந்த வருடத்துப் பார்லி. ஆடுகள் எல்லாம். ஆற்றோரத்து பாப்லர் மரங்கள், அப்பா நட்டவை. இவை திரும்ப வந்தன, அல்லது வராமலே பழகிவிட்டன.

அப்பாவை நான் இதில் சேர்க்கவில்லை. அவர் தன் படுக்கையில் இறந்தார்.

சகீனா. எட்டு வயது. மீனாமார்க், சாலை ஓரம். கல் வைத்திருக்கிறோம்.

பாத்திமா மாமி. வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஸ்கர்து பாதையில். எங்கள் பக்கத்து ஷெல்.

ஹசன். பத்தொன்பது வயது.

மூன்று பேர். குல்தாரிக்கு மேலே, மேய்ச்சல் நிலத்தில் கிடப்பவன் ஹசன் இல்லையென்றால், நான்கு.